மேலெறிந்த பந்தும் தாய்மொழிக் கல்வியும்

மேலே எறிந்த பந்து, எறிந்தவன் கையை விட்டு நீங்கியபின், மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்கும்பொழுது, அதன்மேல் இயங்கும் விசை யாது?

தமிழாசிரியனாகிய எமக்கு, இயற்பியல் ஆசிரியர் வாராத நாள்களில் அவர்தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கடமை வருவதுண்டு. அத்தகைய ஒரு நாளில், ஆங்கில வழியில் பயிலும் ஒன்பதாம் வகுப்பினரிடம் இவ்வினாவை விடுத்தோம். நியூட்டனின் மூன்று நெறிகளையும் ஓர் எழுத்தும் பிழையாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தான் ஒரு மாணவன். "நன்று தம்பி! இப்பொழுது தமிழில் சொல். பந்தை மேலே தள்ளிக்கொண்டு போவது எது?" என்றோம். "கை கொடுத்த விசை பந்துக்குள் இருக்கின்றது, ஐயா, அது தீர்ந்தவுடன் பந்து விழுந்துவிடும்" என்றான். அவன் ஒப்பித்த நெறியும் அவன் உள்ளத்திலிருந்த நம்பிக்கையும் ஒன்றையொன்று மறுப்பவை. ஆயினும், ஒரே தலைக்குள் அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே குடியிருந்தன!

அடுத்த வகுப்பு தமிழ்வழி வகுப்பு. அங்கும் அதே வினா; அங்கும் அதே விடைதான். இதனை மறைக்க வேண்டுவதில்லை. தமிழில் கற்பதனாலேயே எவனும் அறிவியலறிஞனாகிவிடான். ஆனால் வேறுபாடு அதன்பின்னரே தோன்றியது. ஆங்கிலவழி வகுப்பு நாம் மறுத்துரைத்ததும் வாய்மூடிக் கொண்டது. தமிழ்வழி வகுப்போ வழக்காடத் தொடங்கிற்று. "கை தொடாதபொழுது கையின் விசை எப்படி இருக்கும்?" என்றான் ஒருவன். "இல்லையென்றால் பந்து ஏன் மேலே போகின்றது?" என்றான் மற்றொருவன். கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "தீர்ந்துபோன விசை எங்கே போகும், ஐயா?" என்று கேட்டாள். இக்கேள்வியே இவ்விதழில் யாம் இத்தலையங்கத்தை எழுதுதற்குக் கரணியம்.

இயங்கும் பொருளை இயக்கிக்கொண்டே இருப்பதற்கு ஒரு விசை வேண்டும் என்னும் பிழைக் கருத்து, நம் பிள்ளைகள் மட்டும் கொண்டதன்று. கிரேக்கப் பேரறிஞர் அரிசுடாட்டிலும் அவ்வாறே கருதினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உலகம் அதனை நம்பிற்று. இழுத்தால் வண்டி நகர்கின்றது, விட்டால் நின்றுவிடுகின்றது என்று கண் நாள்தோறும் காட்டுவதை எவன்தான் நம்பமாட்டான்? உராய்வு என்னும் ஒன்று கண்ணுக்குப் புலனாகாமல் எதிர்த்து நிற்பதனால் வந்த மயக்கம் அது.

இம்மயக்கம் எந்த மொழியில் இருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! குழந்தை தவழ்ந்த நாள்முதல் தள்ளியும் இழுத்தும் எறிந்தும் விழுந்தும் பெற்ற பட்டறிவெல்லாம் அதன் தாய்மொழியிலேயே சொல்லாகி உள்ளத்தில் படிந்திருக்கின்றது. பிழை தமிழில் இருக்கின்றது. திருத்தமோ ஆங்கிலத்தில் வருகின்றது. கீழ்வீட்டில் பற்றிய தீக்கு மேல்வீட்டில் நீர் ஊற்றினால் தீ அணையுமா? அயன்மொழியில் சொல்லப்படும் நெறி, தேர்வுத்தாள் வரையில் சென்று மதிப்பெண் வாங்கித் திரும்பிவிடும். உள்ளத்திலுள்ள பிழைக்கருத்தை அது தொடுவதே இல்லை. தாய்மொழி வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது வெறும் மொழிப்பற்றினால் மட்டும் அன்று. பிழை இருக்குமிடத்திற்குச் செல்லும் வழி அது ஒன்றே என்பதனாலும் ஆகும்.

இனி, சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலவழிப் பிள்ளைகள் நாவில் இன்று 'பவர்' என்னும் ஒரு சொல் படும்பாடு சொல்லுந்தரமன்று. தள்ளுவதும் பவர், உண்டபின் உடலில் ஊறுவதும் பவர், மின்சாரமும் பவர், கண்ணாடியின் அளவும் பவர், அமைச்சரின் அதிகாரமும் பவர்! இச்சொல்லை அங்ஙனம் ஆங்கிலேயனும் இயற்பியலில் ஆளான். தமிழிலோ விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு. ஒரு பொருளின் இயக்கத்தை மாற்ற முனைவது விசை. வேலை செய்தற்குரிய தகுதி ஆற்றல். அவ்வேலையை எத்துணை விரைவில் செய்கின்றோம் என்னும் அளவு திறன். ஒரே கிணற்றிலிருந்து ஒரே அளவு நீரை ஒருவன் அரைமணி நேரத்திலும் மற்றொருவன் ஒருமணி நேரத்திலும் இறைத்தால், இருவரும் நீரின்மேல் செய்த வேலை ஒன்றே. முன்னவன் திறன் இருமடங்கு. இதை விளக்க எத்தனை மணித்துளி வேண்டும்?

விரைவு மாறும் அளவை முடுக்கம் என்கின்றோம். மாட்டை முடுக்கிய உழவனுக்கு இச்சொல் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணமும் ஒன்று. பாட்டின் நடை விரைவுகொள்வதைக் குறித்த பழஞ்சொல்லின் வேரே இன்று பொருளின் நடை விரைவுகொள்வதைக் குறிக்கின்றது. உந்துதலிலிருந்து உந்தம், நிலைத்தலிலிருந்து நிலைமம். ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தன் முகத்திலேயே எழுதிக்கொண்டு நிற்கின்றது.

தமிழில் அறிவியல் வாராது என்பார் ஒரு வரலாற்றை அறிதல் நன்று. கலிலியோ தம் புகழ்பெற்ற உரையாடல் நூலை 1632-இல் அறிஞர்மொழியாகிய இலத்தீனில் எழுதாமல், மக்கள்மொழியாகிய இத்தாலியத்தில் எழுதினார். நியூட்டன் தம் இயக்க நெறிகளை 1687-இல் இலத்தீனில் வெளியிட்டார். அவரே 1704-இல் ஒளியைப் பற்றிய நூலைத் தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இன்று ஆற்றலைக் குறிக்கும் சொல்லை இயற்பியற் பொருளில் தாமசு யங் ஆண்டது 1807-இல்தான். செருமானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு ஆற்றல் அழியாமையைப் பற்றி 1847-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, ஆற்றலுக்கு விசை என்னும் பொருள்படும் சொல்லைத்தான் வைத்திருந்தார். அத்துணைப் பெரிய அறிஞரின் மொழியிலும் அந்நாளில் விசையும் ஆற்றலும் ஒரே சொல்லுக்குள் கிடந்தன! வீட்டிலும் வயலிலும் வழங்கிய சொற்களையே எடுத்து, பொருள்வரம்பு கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தீட்டிக் கூராக்கினர் அவர்கள். பிறக்கும்பொழுதே அறிவியல் மொழியாகப் பிறந்த மொழி உலகில் ஒன்றுமில்லை.

நாமும் வாளாவிருந்துவிடவில்லை. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அதே 1916-ஆம் ஆண்டில், சேலத்தில் அறிவியற் சொற்களை ஆக்குதற்கென ஒரு கழகமும் தோன்றிற்று. அன்று பௌதிகம் என்று வடமொழிப் பெயர் தாங்கி நின்ற பாடம், பின்னர் இயற்பியல் என்று தமிழ்ப்பெயர் பூண்டது. ஆயினும் பணி முடிந்துவிட்டதாக எண்ணற்க. விரைவு என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க, வேகம் என்னும் வடசொல் இன்றும் பாடநூலில் வீற்றிருக்கின்றது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஈழத்தில் நம் உடன்பிறப்புகள் உயர்தர வகுப்பு வரையில் இயற்பியலைத் தமிழிலேயே கற்று, தமிழிலேயே தேர்வெழுதி, மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் செல்கின்றனர். தமிழில் முடியுமா என்பார்க்கு அதுவே கண்கண்ட விடை. ஆனால் அவர்கள் எழுதும் நூலை நம் மாணவன் திறந்தால் திகைத்துப்போவான். ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவை நாம் நிறை என்கின்றோம். அவர்கள் திணிவு என்கின்றனர். அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசையை நாம் எடை என்கின்றோம். அவர்களோ அதனை நிறை என்கின்றனர்! நிலவுக்குக் கொண்டுசென்றால் மாறாதது இங்கே நிறை. நிலவில் ஆறிலொரு பங்காகக் குறைவது அங்கே நிறை. ஒரே சொல் கடலின் இரு கரையிலும் இரு பொருள் தந்தால், இரு நாட்டு மாணவரும் ஒருவர் நூலை ஒருவர் படிப்பது எங்ஙனம்?

இருபாலும் கொள்வதற்கும் கொடுப்பதற்கும் உள்ளன. அவர்கள் சக்தி, சடத்துவம் என்பவற்றுக்கு நம்மிடம் ஆற்றல், நிலைமம் என்னும் தூய தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. விரைவு கூடுவதற்கு ஆர்முடுகல் என்றும், குறைவதற்கு அமர்முடுகல் என்றும் அவர்கள் ஆக்கியுள்ள இணைச்சொற்களின் அழகுக்கு நம்மிடம் ஈடில்லை. இருகரை ஆசிரியரும் ஓரிடத்தில் அமர்ந்து, விசை, இயக்கம், ஆற்றல் ஆகிய இப்பகுதிக்கேனும் ஒரே சொற்பட்டியை வகுத்தல் கூடாதா?

ஆயினும் அன்பர்களே, சொல்லை ஆக்கிவிட்டால் கல்வி வந்துவிடும் என்று எண்ணுவோமானால், அது நம் குற்றமாகும். 'விசை என்பது நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலன்' என்று தமிழில் உருப்போடச் செய்யும் ஆசிரியருக்கும் ஆங்கிலத்தில் உருப்போடச் செய்வார்க்கும் என்ன வேறுபாடு? நெட்டுருவுக்கு மொழியில்லை. சொல்லைப் பொருளோடு கட்டிக் காட்டுதலே கற்பித்தல்.

அதற்குக் கருவிக்கூடம் வேண்டுமென்று காத்திருக்க வேண்டா. சுண்டாட்டப் பலகையில் காயைச் சுண்டச் சொல்லுங்கள். பின்பு மாவைத் தூவிச் சுண்டச் சொல்லுங்கள். காய் கூடுதலான தொலைவு ஓடும். உராய்வு முற்றும் இல்லாமற்போனால் எவ்வளவு தொலைவு ஓடும் என்று கேளுங்கள். "நிற்கவே நிற்காது" என்று பிள்ளையே கூறும். நியூட்டனின் முதல் நெறி அதன் வாயிலிருந்தே வந்துவிடும். ஏறத்தாழ 96 அடி உயரமுள்ள திருவாரூர்த் தேரை நினைவூட்டுங்கள். அதனை நிலையிலிருந்து பெயர்க்கப் படும்பாடு எத்துணை! பெயர்ந்து ஓடத் தொடங்கியபின் அதனை நிறுத்த முட்டுக்கட்டை போடும் பாடு எத்துணை! இரண்டும் நிலைமமே. இடையில் ஒரே சீராகத் தேர் ஓடும்பொழுது, வடத்தின் இழுவையும் உராய்வின் எதிர்ப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. உயர்த்திய உலக்கையில் நிலை ஆற்றல். விழும் உலக்கையில் இயக்க ஆற்றல். உரலில் மோதியபின் அது நெல்லின் உமியைப் பிரித்தும் ஒலியாகியும் வெப்பமாகியும் பரவுகின்றது. தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்பவன் வியர்க்கின்றான். ஆனால் மூட்டையின்மேல் அவன் செய்த வேலை சுழி. ஏன் என்று கேட்டு, வகுப்பை வழக்காட விடுங்கள்.

இவையெல்லாம் வகுப்பறைச் செய்திகள். இயக்க இதழுக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். ஐந்தாம் வகுப்பு வரையில் தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று தமிழ்நாட்டரசு 1999-இல் பிறப்பித்த ஆணை, 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதி மன்றத்தில் வீழ்ந்தது. கருநாடக வழக்கில், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயமாக்க இயலாது என்று இந்திய உச்சநீதி மன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. இதற்கிடையே அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. சட்டத்தின் வாயில் இவ்வாறு அடைபட்டிருக்கும்பொழுது, நமக்குத் திறந்திருக்கும் வாயில் பெற்றோரின் நெஞ்சம் ஒன்றே. தமிழில் கற்ற பிள்ளை தெளிவாக எண்ணுகின்றது, துணிந்து கேட்கின்றது என்று தம் கண்ணால் கண்டாலன்றிப் பெற்றோர் மனம் மாறார். முழக்கத்தால் மாறாத நெஞ்சம், தம் மகள் தம்மிடமே வந்து உலக்கையைக் காட்டி ஆற்றலை விளக்கும்பொழுது மாறும்.

எனவே மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். தமிழாசிரியர்களே! இயற்பியல் ஆசிரியரோடு அமர்ந்து, அவர் ஆளும் சொற்களின் வேரையும் பொருளையும் அவருக்கு எடுத்துரையுங்கள். அவர் கூறும் பொருள்வரம்பை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். இயற்பியல் ஆசிரியர்களே! நெறியைச் சொல்லுமுன் பிள்ளையின் பிழையைப் பேசவிடுங்கள். இயக்க அன்பர்களே! மேடையில் தமிழ்வழிக் கல்வி முழங்கிவிட்டு, தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுவார் நம்முள்ளும் இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்! ஓய்ந்திருக்கும் பொருள் புறவிசையின்றித் தானே நகராது என்பது பொருள்களுக்கு நெறி. மாந்தனுக்கோ அகத்தில் ஒரு விசை உண்டு. அதனை நாம் முதலில் நம் வீட்டில் காட்டுவோம்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். "விசை தீர்வதுமில்லை, பந்துக்குள் தங்குவதுமில்லை, அம்மா. கை விட்டபொழுதே கையின் விசை முடிந்தது. பந்து கொண்டு சென்றது இயக்க ஆற்றல்; உயர உயர அது நிலை ஆற்றலாக மாறுகின்றது; விழும்பொழுது மீண்டும் இயக்கமாகின்றது. காற்றின் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டால், கை விட்டபின் பந்தின்மேல் உள்ள விசை புவியின் ஈர்ப்பு ஒன்றே" என்றோம். அவள் சற்று எண்ணிவிட்டு, "அப்படியானால் உச்சியில் பந்து நிற்கும் நொடியிலும் அந்த விசை இருக்கின்றதா, ஐயா?" என்றாள்.

இருக்கின்றது. அதை அவள் தானே கண்டுபிடித்தாள்; தமிழில் கண்டுபிடித்தாள். இத்தகைய ஒரு கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் எழும் நாளே தமிழ்வழிக் கல்வி வென்ற நாள். அந்நாளை நோக்கி முடுகுவோம்!