முன்பணம் ஆளைக் கட்டிப்போடும்... மனசை? ஆரணித் தறியிலிருந்து ஓர் ஆபீஸ் கேள்வி!

வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே 'ரெண்டு வருஷம் பாண்டு' பேப்பர்ல கையெழுத்துப் போட்டவரா நீங்க? அப்படின்னா ஆரணி நெசவாளரின் நிலைமை உங்களுக்குச் சட்டுனு புரியும்.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுத்துப்பட்டு ஊர்களில் பல வீடுகளில் ஹாலே தறிதான். ஆனா, அதில் ஓடுற பாவும் ஊடையும் ஜரிகையும் பெரும்பாலும் நெசவாளருடையது இல்லை. முதலாளி எடைபோட்டுக் கொடுப்பார். நெய்த சேலையை எடைபோட்டு வாங்குவார். மாதச் சம்பளம் கிடையாது, சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றால், கூலியும் நிற்கும். நாம பே-ஸ்லிப்பில் சலிச்சுக்கிட்டே பார்க்கிற பி.எஃப் பிடித்தம்கூட இங்கே இல்லை.

கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ்னு செலவு வரும்போது முதலாளியிடம்தான் முன்பணம். அது அடையுற வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. மாறணும்னா புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டணும். கடன்காரர் மாறுவார், கடன் மாறாது.

வெளியிலிருந்து பார்த்தா, '20 வருஷமா ஒரே இடத்துல இருக்கார், என்ன விசுவாசம்!'னு தோணும். ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-லேயே இதைப் பிரிச்சுக் காட்டிட்டாங்க. ஒருத்தர் வேலையில் நீடிக்க மூணு காரணம் இருக்கலாம்: பிடிச்சிருக்கு; விட்டுப்போனா நஷ்டம்; விட்டுப்போறது நியாயமில்லைங்கிற உணர்வு. முன்பணம் ரெண்டாவதை மட்டும்தான் வாங்கித் தரும். உங்க பாண்டு பேப்பரும்தான்!

எல்லா முதலாளிகளையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. வியாபாரம் மந்தமான மாசத்திலும் பாவு கொடுக்கிறவர், கண்ணெதிரே எடைபோடுறவர், கணக்கை நோட்டில் எழுதிக் காட்டுறவர்... இவங்ககிட்ட நெசவாளர் நீடிக்கிறதுக்குக் கடன் காரணமா இருக்காது.

என்னைக் கேட்டா, பெரிய அநியாயம் எடைத் தட்டில்கூட இல்லை, கடை ஷோகேஸில் இருக்கு. கைத்தறிக்கெனச் சில ரகங்களை ஒதுக்க, 1985-லேயே சட்டம் வந்தது. பட்டுச் சேலையும் அதில் உண்டு. அப்படியும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறின்னு சொல்லி விற்கும்போது, பல நாள் உட்கார்ந்து நெய்தவரின் கூலி மட்டுமல்ல, 'இது என் கை வேலை'ங்கிற பெருமையும் சேர்ந்தே அடிபடுது. வேலைத் திருப்தின்னு ஹெச்.ஆர் ஃபார்மில் கேட்பாங்களே, அது இங்கே இந்தப் பெருமைதான்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கூட்டுறவுச் சங்கங்களில் நெய்பவர்களுக்காவது கூலியில் ஒரு பங்கு சேமிப்பாகப் போகும், அரசும் தன் பங்கைச் சேர்க்கும். தனியாரிடம் நெய்பவருக்கு அதுவும் இல்லை.

அப்புறம் பிள்ளைகள் ஏன் தறியில் உட்காரணும்? பக்கத்துச் செய்யாறு சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் போகுது. அங்கே ஷிப்ட் முடிஞ்சா வேலை முடிஞ்சது, ஒண்ணாம் தேதின்னா சம்பளம். அப்பா வாங்கிய முன்பணம் அப்பாவைத்தான் தறியில் உட்கார வைக்கும்; மகள் பஸ் ஏறிட்டா.