நான்கு அடித் தூரம்

அந்த விளையாட்டில் யாருக்கும் உடல் கிடையாது. ஒரு தலைக்கவசம், அந்தரத்தில் மிதக்கும் கை, ஒரு வில். அவ்வளவுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் அச்சு அசலாக ஒரே உருவம். பனி மூடிய கோட்டையின் மேல் நின்றுகொண்டு, அலை அலையாக வரும் நடைபிணங்களை அம்பெய்து வீழ்த்தி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். பெயர் குவிவர். தமிழில் அம்பறாத்தூணி என்று வைத்துக்கொள்ளலாம். 2016 அக்டோபரில் அது முழு வடிவம் பெறாமல், ஆட்டக்காரர்களின் சோதனைக்கு விடப்பட்ட நிலையில் இருந்தது.

அமெரிக்காவில் ஒரு பெண், மைத்துனர் வீட்டில், மைத்துனரும் கணவரும் பார்த்துக்கொண்டிருக்க, மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டைக்குள் போனார். தனியாக ஆடியவரை மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குள் நுழைந்தார். மைக்கில் பேசினார். பக்கத்தில் நின்றவனுக்குக் குரல் கேட்டது. அவனுடைய மிதக்கும் கை, இவருடைய மார்பு இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடி வந்தது. நிறுத்து என்றார். விலகிப் போனார். துரத்தினான். அடுத்துக் கை கீழே போனது, தொடைகளே இல்லாத இடத்தில் தொடைகளுக்கு நடுவே. அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறி, நடந்ததைப் புனைபெயரில் எழுதினார்.

நான் அதைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது நம்மூர்த் திண்ணை நீதிபதிகள். துப்பட்டா போட்டாளா, லெக்கிங்ஸ் போட்டாளா, எத்தனை மணிக்கு வெளியே போனாள் என்று கேட்கும் ஆட்கள். அவர்கள் இந்தக் கோட்டைக்கு வந்து பார்க்கட்டும். இங்கே உடையில்லை, உடலில்லை, இரவில்லை, தெருவில்லை. குரல் ஒன்றுதான் இருந்தது. அந்தக் குரலுக்கு ஒரு மார்பை அவனே கற்பனை செய்து, பொருத்தி, பிறகு அதைப் பிடித்தான். தூண்டியது எது என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது.

‘வெறும் விளையாட்டுதானே, கண்ணாடியைக் கழற்றிவிட்டால் போயிற்று’ என்ற பதில் அப்போதும் வந்தது, இப்போதும் வருகிறது. விற்கும்போது இந்தக் கருவிகளைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நீங்கள் அங்கேயே இருப்பீர்கள், மூளையே நம்பிவிடும் என்கிறார்கள். உண்மைதான். கோட்டை விளிம்பில் நின்றபோது, காலடியில் இருப்பது வீட்டுத் தரைதான் என்று தெரிந்தும் தனக்குப் பயமாக இருந்ததாக அந்தப் பெண்ணே எழுதியிருந்தார். உயரம் மெய்யாக வேண்டும், நடைபிணத்தின் பயம் மெய்யாக வேண்டும், கை மட்டும் பொய்யாக வேண்டுமாம். காசு வாங்கும்போது மெய், புகார் வரும்போது நிகர்.

குவிவர் ஓடிய வைவ் கருவியில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. ஹெட்செட் போட்டவருக்கு வெளியுலகம் தெரியாதல்லவா, அதனால் சுவரில் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க, சுவரை நெருங்கும்போது கண்முன்னே கோடுகளால் ஆன வலை ஒன்று எழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஷாப்பரோன். பழைய ஐரோப்பாவில் கல்யாணமாகாத பெண் வெளியே போகும்போது, எந்த ஆணும் எல்லை மீறாதபடி துணைக்கு அனுப்பப்பட்ட மூத்த பெண்ணுக்குரிய சொல் அது. சொல்லைப் பெண்ணின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். காவலைச் சுவருக்கு வைத்தார்கள்.

இனி அந்த அப்டேட்டுக்கு வருகிறேன். குவிவரை உருவாக்கியவர்கள் ஏரன் ஸ்டேன்டன், ஜோனதன் ஷெங்கர் என்ற இருவர். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர்கள் மழுப்பவில்லை. அந்தப் பெண்ணைச் சந்தேகிக்கவில்லை. இதை முன்பே தடுத்திருக்க வேண்டும் என்று பொதுவெளியில் எழுதி, சில நாட்களில் ஆட்டத்தை மாற்றினார்கள். ஆட்டக்காரரைச் சுற்றி ஒரு குமிழ். இரண்டு கைகளையும் சேர்த்து, விசைகளை அழுத்தி, கைகளை விரித்தால் போதும். அருகில் வந்து தொல்லை கொடுப்பவனின் உருவம் கரைந்துபோகும். சாதாரணப் பொத்தானாக இல்லாமல், அதை ஒரு மந்திர சக்தி போல, கம்பீரமான கையசைவாக அமைத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் அவர்களே ஒப்புக்கொண்ட ஒரு விவரத்தில்தான் என் சண்டை இருக்கிறது. குமிழ் ஆட்டத்தில் முன்பே இருந்தது, முகத்துக்கு மட்டும். ஒருவர் கையை இன்னொருவரின் கண்ணுக்கு முன் நீட்டி மறைத்தால் அவரால் அம்பு விட முடியாது. ஆகவே கை கண்ணருகே வந்தால் மறைந்துபோகும்படி எழுதியிருந்தார்கள். அதை உடலுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தோன்றவில்லை. இந்தச் சொல்லை நாம் அவ்வளவு எளிதாகக் கடந்துவிடக் கூடாது. குறி தவறும் என்பது தோன்றியது. ஆட்டம் கெடும் என்பது தோன்றியது. கை எங்கே இருக்கிறது என்று துல்லியமாக அறிந்த நிரல், எந்தக் கை யாருக்கு எப்போது தொந்தரவு என்பதையும் ஒருமுறை முடிவுசெய்துவிட்டது. அந்த ‘யாருக்கு’ என்ற இடத்தில் ஓர் ஆண்தான் நின்றுகொண்டிருந்தான். பேருந்தில் ஒருநாள் நின்றுகொண்டு பயணம் செய்த எந்தப் பெண்ணுக்கும் அது முதல் நிமிடத்திலேயே தோன்றியிருக்கும்.

இது புதிய செய்தியும் இல்லை. 1993 டிசம்பரில் ஜூலியன் டிபெல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, லாம்டாமூ என்ற, எழுத்துகளால் மட்டுமே ஆன இணைய உலகில் நடந்த பாலியல் வன்முறையைப் பற்றியது. படமில்லை, ஒலியில்லை, வெறும் வாக்கியங்கள். ஒருவன் மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே செய்வதுபோல அவர்கள்மீது வக்கிரங்களை எழுதிக் காட்டினான். அந்த உலகத்தார் கூடி விவாதித்தார்கள், கடைசியில் அவன் கணக்கு அழிக்கப்பட்டது. 23 ஆண்டுகளுக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவளின் கையில் ஒரு குமிழ் தரப்படுகிறது. கோட்டையில் அவன் நிற்கிறான். இவள் கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டான்.

கல்லூரிக்குப் பேருந்தில் போன காலத்தில் என் அம்மா தாவணியில் குத்தும் ஊக்கோடு இன்னொரு ஊக்கும் தருவார். எதற்கென்று சொல்லமாட்டார். சொல்லாமலே எனக்கும் தெரியும், என் தோழிகளுக்கும் தெரியும். கூட்டத்தில் பின்னாலிருந்து கை வரும்போது அந்த ஊக்கு உதவியிருக்கிறது. அலறியவனைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறோம். ஆனால் ஊக்கைத் தேடும் அந்த நேரம் என்னுடையது. அடுத்த நாள் எந்தப் படிக்கட்டில் ஏறுவது என்ற யோசனையும் என்னுடையது. அவன் மறுநாளும் அதே பேருந்தில் பயணச்சீட்டு எடுத்தான். குவிவரின் கையசைவு எவ்வளவு கம்பீரமானாலும் அது நல்ல வேலைப்பாடுள்ள ஓர் ஊக்குதான். அதைப் பழக வேண்டியவள் அவள். நடைபிணங்களை விட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டிருக்க வேண்டியவளும் அவள்.

சிறிய குழு, போகட்டும் என்று விடலாம். பெரிய நிறுவனம் என்ன செய்தது? மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் 2021 டிசம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன், நவம்பரில், பீட்டா சோதனையில் இருந்த ஒரு பெண் தன்னை முன்பின் தெரியாதவன் தடவியதாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அவனுக்கு ஆதரவாக இருந்தது தன்னைத் தனிமைப்படுத்தியது என்றும் சொன்னார். நிறுவனம் உள்ளுக்குள் ஆராய்ந்து கண்டுபிடித்தது என்ன தெரியுமா? அவர் பாதுகாப்பு வளையம் என்ற வசதியைப் பயன்படுத்தியிருக்க வேண்டுமாம். காவல் நிலைய வாசலில் நாம் கேட்ட வசனம்தான். கத்தியிருக்கலாமே அம்மா!

2022 பிப்ரவரியில் அப்டேட் வந்தது. உருவங்களுக்கு இடையே ஏறத்தாழ நான்கு அடித் தூரம், எல்லோருக்கும் தானாகவே. அடுத்த மாதமே அதைத் தளர்த்தி, நண்பரல்லாதவர்களுக்கு மட்டும் என்று மாற்றி, வேண்டாதவர்கள் முழுக்க நிறுத்திக்கொள்ளவும் வழிசெய்தார்கள். நம்மைத் தொட்டவர்களில் எத்தனை பேர் அந்நியர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாமா, மைத்துனர், குடும்ப நண்பர், பேராசிரியர்.

தூரம் என்ற சொல் எனக்கு நெருடுகிறது. எங்கள் வீட்டில் மாதவிலக்குக்கு அதுதான் பெயர். ‘அவ தூரம்’ என்பார்கள். தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புறம். பெண்ணுடலோடு ஒரு சிக்கல் வந்தால் பெண்ணைச் சுற்றி அடி அளந்து கோடு போடுவது எல்லா ஊரிலும் ஒரே புத்தியாகத்தான் இருக்கிறது. கை நீட்டியவனைச் சுற்றி ஏன் கோடு இல்லை? அவனுடைய ஹெட்செட்டில் ஏன் கோட்டைக் கதவு மூடவில்லை? அம்பு பட்ட இடத்தைக் கணக்கு வைக்கும் நிரலுக்குக் கை பட்ட இடத்தைக் கணக்கு வைக்கத் தெரியாதா? ஒரு பெண்ணுக்கு நேர்ந்த வன்முறை பிழைப்பட்டியலில் ஓர் எண்ணாகி, அடுத்த பதிப்பில் ஒரு ‘வசதி’யாகத் திரும்பி வருகிறது. சோதனைக்கு விடப்பட்டது ஆட்டம் மட்டும்தானா?

என் முதுகலை வகுப்பில் ஒரு மாணவி. விடுதியில் இரவு கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடுவாள். நன்றாகவே ஆடுவாள் என்று தோழிகள் சொல்வார்கள். நால்வர் அணியில் ஆடும்போதும் மைக்கை அணைத்தே வைத்திருப்பாளாம். எதிரி வருவதைப் பார்த்தால் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பெரும்பாலும் சுடப்பட்டுவிடுவாள்.

“ஏம்மா, பேசினா ஜெயிக்கலாமே?” என்று கேட்டேன்.

“பேசினா பொண்ணுன்னு தெரிஞ்சிரும்மா. அப்புறம் யாரும் ஆடமாட்டாங்க, நம்பர்தான் கேப்பாங்க. இப்ப, ‘ப்ரோ, வாயத் தொறடா, ஊமையா நீ’ன்னு திட்டுறாங்க. திட்டட்டும்மா. ப்ரோன்னுதானே திட்டுறாங்க.”