உயிரூட்டலா, அசைவூட்டலா?

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில் கலை, இலக்கியம் பற்றிய வாதங்களுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை. எம். ஏ. நுஃமானின் விமர்சனங்களை ஏற்றும் மறுத்தும் எழுதியோர் இங்குள்ளனர். சோலைக்கிளியின் படிமங்கள் விளங்குகின்றனவா, இல்லையா என்று இரவிரவாகத் தர்க்கித்தோரும் உளர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்த நாட்டார் கவிகள் இலக்கியமாமோ என்று ஐயுற்றோர்கூட இறுதியில் அவற்றைப் படித்த பின்னரே ஐயுற்றனர். ஆயின் ஒரு கலைவடிவம் மாத்திரம் விசாரணையின்றியே தண்டிக்கப்பட்டு வருகின்றது. ஸ்டொப் மோஷன் என வழங்கும் அசைவூட்டக் குறும்படமே அது. பல்கலைக்கழகத்து இலக்கியவாதி அதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளுகின்றார். பள்ளிவாசல் முன்றிலில் நிற்கும் பெரியவர் உருவஞ்சமைத்து உயிர்கொடுக்க முனையும் பாவமென்று தள்ளுகின்றார். வேறெந்த விடயத்திலும் ஒன்றுபடாத இவ்விரு சாராரும் இதில் மாத்திரம் ஒன்றுபடுவதற்குக் காரணம், இருவருமே அத்தகைய படங்களை அமர்ந்திருந்து பார்க்காமையேயாகும்.

இக்கலையின் செய்முறை மிக எளிது. அதன் உழைப்போ மிகக் கடிது. களிமண் உருவொன்றையோ, மரப்பாவையையோ, ஒரு விதையையோ மேசைமீது வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும். பின்னர் அப்பொருளை நூலிழையளவு நகர்த்தி மீண்டும் ஒரு படம் எடுக்கவேண்டும். திரையில் ஒரு விநாடியில் 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதிந்து வேலையைப் பாதியாகக் குறைத்தாலும், ஐந்து நிமிடப் படமொன்றுக்குப் பொருளை 3600 முறை அசைத்தாதல் வேண்டும். பிறப்பு, வளர்ச்சி, ஆக்கம், மூப்பு, காலக்கழிவு என்பனவே இவ்வகைக் குறும்படங்களின் பொருளாகத் திரும்பத் திரும்ப அமைவது தற்செயலன்று. இக்கலையின் மூலப்பொருள் களிமண் அன்று, காலமே.

சிக்கலின் ஒரு பகுதி சொல்லிலிருந்தே தோன்றியது. ஆங்கிலச் சொல்லின் அடியில் உயிர், மூச்சு எனும் பொருள்படும் ‘அனிமா’ என்ற இலத்தீன் சொல் கிடப்பதைக் கண்ட மொழிபெயர்ப்பாளர் சிலர் ‘உயிரூட்டல்’ என்று தமிழாக்கினர். சொல் அழகானதுதான். ஆனால் நடவாத ஒன்றை நடப்பதாகச் சொல்லும் சொல் அது. மேசைமீதிருக்கும் களிமண்ணுக்கு எக்கணத்திலும் உயிர் ஊட்டப்படுவதில்லை. அசைவுகூட ஊட்டப்படுவதில்லை, பார்ப்போர் மனத்திலேதான் அசைவு தோன்றுகின்றது. ‘அசைவூட்டம்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கிலிருக்க, ‘உயிரூட்டல்’ என்பதைப் பற்றிக்கொண்டு மார்க்கத் தீர்ப்பு வழங்குவது, மொழிபெயர்ப்பாளனின் குற்றத்துக்குக் கலைஞனைத் தண்டிப்பதை ஒக்கும். தமிழ்ச் சங்கங்கள் கலைச்சொற்களைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டுமாயின் இது ஓர் உகந்த இடம்.

எனினும் மார்க்கம் சார்ந்த மறுப்பைப் பழைமைவாதமென்று எள்ளி நகையாடிவிட்டுப் போவதும் நேர்மையன்று. பல்கலைக்கழக வட்டாரத்தில் அவ்வழக்கம் உண்டு. அது வாதத்திலிருந்து தப்பும் வழி மாத்திரமே. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்போரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் உள்ளன. சமைத்ததற்கு உயிர்கொடுக்குமாறு மறுமையில் அவர்கள் பணிக்கப்படுவர் என்ற எச்சரிக்கையும் உண்டு. முற்காலச் சட்ட அறிஞரிற் பெரும்பாலோர், அதிலும் நிழல் விழும் முப்பரிமாண உருவங்களைப் பொறுத்தவரையில், கடுமையாகவே நின்றனர். இவை மறைக்கப்பட வேண்டியவையல்ல. ஆனால் அதே மரபு கூறும் ஏனைய செய்திகளை மாத்திரம் மறைப்பது எந்த நியாயத்தைச் சாரும்? ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் பாவைகளை வைத்து விளையாடியமை புகாரியிலேயே பதிவாகியுள்ளது. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்து கொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியமையும் அவ்வாறே பதிவாகியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்-முதீஈ, புகைப்படம் என்பது புதிதாய் ஒன்றைச் சமைப்பதன்று, நிழலைத் தடுத்து நிறுத்தி வைப்பதே என்று விளக்கி அதனை அனுமதித்தார். அவருக்கு முன்னரே முஹம்மத் அப்துஹு, சித்திரங்கள் அறிவைப் பேணும் கருவிகளாகும் என எழுதியிருந்தார். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரும் ஈரானில் ‘கானூன்’ நிறுவனத்தார் பாவைப் படங்களை எடுத்து வந்தனர் என்று கூறினால், அது ஷீஆ நாடு என்ற விடை உடனே வரும். முதீஈயும் அப்துஹுவும் கெய்ரோவினர்.

இவற்றினும் வலிய வாதம் செய்முறைக்குள்ளேயே உளது. ஓவியன் தன் ஓவியத்தை உயிரோவியமென்று தருக்கலாம். சிற்பி கல்லைப் பேசவைத்ததாகப் பெருமிதங்கொள்ளலாம். மூன்று விநாடி நடைக்காக ஒரு பாவையின் காலை முப்பத்தாறு முறை பிடித்து நகர்த்தியவனுக்கு அத்தகைய மயக்கம் ஏற்பட இடமில்லை. கையெடுத்த கணமே அது வெறும் மண்ணாய் நிற்பதை அவன் ஒவ்வொரு முறையும் காண்கின்றான். படைத்தவனுக்கும் செய்பவனுக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்வளவு அண்மையில் நின்று அறியும் கலைஞன் வேறிலன். சூஃபி மரபு இதனை நன்குணர்ந்திருந்தது. நிழற்பாவைக் கூத்தின் திரையையும், திரைக்குப் பின்னிருந்து ஆட்டுவோனையும் காட்டிப் படைப்பின் உண்மையை விளக்க இப்னு அரபி தயங்கவில்லை. கவிஞர் இப்னுல் ஃபாரிதும் அவ்வுவமையைக் கையாண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கெய்ரோவில் நிழற்கூத்து நாடகங்களை எழுதிய இப்னு தானியால் தொழிலால் கண்மருத்துவர். அல்-ஜஸரீ 1206இல் நிறைவுசெய்த பொறியியல் நூலில் விளக்கும் யானைக் கடிகாரத்தில், பாவைகள் அசைந்தே பொழுதை அறிவிக்கின்றன. அசையும் உருவத்தைக் கொண்டு கழியும் காலத்தைக் காட்டுதல் மேற்கிலிருந்து நேற்று வந்திறங்கிய சரக்கன்று.

இனி, இவ்வுபகண்டத்திலேயே நிகழ்ந்த ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தாதாசாகேப் பால்கேயை ‘ராஜா ஹரிச்சந்திரா’வின் (1913) கர்த்தாவாகவே பலர் அறிவர். அப்படத்துக்கு முதல் தேடி அவர் அலைந்தபோது, திரைப்படம் என்பது யாதென்றே அறியாத செல்வந்தரை நம்பவைக்க வேண்டியிருந்தது. 1912இல் இலண்டன் சென்று கமராவும் பிற கருவிகளும் வாங்கத் துணிந்து திரும்பியவர், நடிகரைத் தேடவில்லை, காட்சிக்கூடம் அமைக்கவில்லை. ஒரு சாடியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன்முன் கமராவை நிலைநிறுத்தி, இடைவிட்டு இடைவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் படம் எடுத்தார். விதை முளைவிட்டு, தண்டு நிமிர்ந்து, கொடியாகி வளர்ந்த ஒரு மாத வாழ்வு, திரையில் ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதுக்குள் நிகழ்ந்து முடிந்தது. அதைக் கண்ட பின்னரே கடன் கொடுப்போரின் கை நீண்டது. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் ஈடாகச் சென்றன. இந்தியச் சினிமாவின் தொடக்கத்தில் நிற்பது அரசனோ தேவனோ அன்று; ஒரு பட்டாணிச் செடி. 1915இல் அவர் தீக்குச்சிகளைச் சட்டஞ்சட்டமாக நகர்த்தி மற்றொரு குறும்படமும் எடுத்தார். இன்று அது கிடைப்பதில்லை.

விதையும் தீக்குச்சியும்! இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காட்டிய வழிக்குள் முற்றாக அடங்குபவை இவை. உருவம் பற்றிய ஐயம் எவ்வளவு கடுமையாக இருப்பினும், விதைக்கும் நூலுக்கும் மணலுக்கும் உப்புக்கும் எதிராக எந்த மறுப்பும் எஞ்சுவதில்லை. அவ்வாறிருக்க, இக்கரையில் எவரும் ஒரு விதையையேனும் இவ்வாறு பதிய வேண்டுமென்று மாணவரைத் தூண்டாதது மார்க்கப் பற்றினாலா, சோம்பலினாலா என்பதை மறுப்போரே விடையிறுக்க வேண்டும்.

‘சிறுபிள்ளை விளையாட்டு’ என்போரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னர் டைட்டஸ் தொடவத்த சிங்களத்தில் குரல்மாற்றி வழங்கிய கேலிச்சித்திரப் படங்கள் நாடெங்கும் குழந்தைகளை மகிழ்வித்தன. அவை நல்ல பணியே. ஆனால் அசைவூட்டம் என்றாலே பூனையும் எலியும் என்ற எண்ணத்தோடு ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. செக்கோஸ்லவாக்கியக் கலைஞர் யிறி திரன்கா 1965இல் எடுத்த ‘கை’ எனும் பாவைப்படத்தை அத்தலைமுறை கண்டிலது. சிற்றறையொன்றில் தன் செடிக்காகச் சட்டி வனையும் எளிய குயவனிடம், பெருங்கையொன்று புகுந்து தன் உருவையே வனையுமாறு கட்டளையிடுகின்றது. அவன் மறுக்கின்றான். கெஞ்சலும் பரிசும் மிரட்டலும் கூண்டும் வருகின்றன. தப்பி ஓடிவந்தவன் தன் செடிச்சட்டியே தலையில் விழுந்து இறக்க, அதே கை அவனுக்கு அரச மரியாதையோடு இறுதிச்சடங்கு நடத்துகின்றது. வசனம் எதுவும் இல்லாத பதினெட்டு நிமிடப் படம். 1969இல் திரன்கா இறந்தபோது அரசு அவருக்கும் மரியாதை செய்தது; பின்னர் படத்தைத் தடைசெய்தது. குழந்தை விளையாட்டுக்கு எந்த அரசும் அஞ்சியதாகக் கேள்வியில்லை.

நோர்மன் மக்லேரன் 1952இல் கனடாவில் எடுத்த ‘அயலவர்’ எட்டு நிமிடமே ஓடுவது. பாவைகளுக்குப் பதிலாக உயிருள்ள மனிதரையே சட்டஞ்சட்டமாக நகர்த்திப் படமாக்கினார். அருகருகே அமைதியாய் வாழும் இருவர். அவர்களிடையே ஒரு பூ மலர்கின்றது. பூ எவருக்குரியது என்ற வினா எழுகின்றது. வேலி எழுகின்றது. பூ மிதிபடுகின்றது, வீடுகள் வீழ்கின்றன, இருவரும் மாண்டு, இரு புதைகுழிகள்மீதும் பூ மலர்கின்றது. பிரதேச செயலகமொன்றின் எல்லைக்காக 2019இல் உண்ணாவிரதமும் அதற்கெதிரான போராட்டமும் கண்ட கல்முனையில், தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் கல்முனையில், இப்படம் ஒரு பாடசாலை மண்டபத்திலேனும் காட்டப்படுதல் வேண்டும். காட்டினால் இரு தரப்பாருமே அது மற்றத் தரப்பாரைப் பற்றிய படமென்று சொல்லக்கூடும். அதுவும் ஒரு தொடக்கமே.

இப்பகுதி இளைஞர் குறும்படம் எடுக்காமலில்லை. எடுப்பவற்றில் பெரும்பாலானவை சென்னைச் சினிமாவின் சண்டையையும் காதலையும் பத்து நிமிடத்துக்குச் சுருக்கியவை. அண்மைக் காலத்தில் ஒரு வரி கட்டளை எழுதினால் அசையும் படத்தை ஆக்கித் தரும் கணினி வசதிகளும் வந்துவிட்டன. இனி எதற்கு இந்தக் களிமண் பாடு என்று கேட்போரும் உளர். அவ்வியந்திரம் வளரும் செடியைக் காட்டும். ஆனால் எந்தச் செடியும் வளர்ந்திராது. பால்கேயின் ஒரு நிமிடத்துக்குள் உண்மையாகவே ஒரு மாதம் கழிந்திருந்தது. இவ்வேறுபாட்டை விளங்காதோர் காலத்தைப் பற்றிப் படமெடுக்க வேண்டாம்.

பொறுமை இல்லையென்று சொல்லவும் இக்கரைக்கு உரிமையில்லை. மருதமுனைத் தறியில் சேலை எவ்வாறு நீள்கின்றது? பாவின் குறுக்கே ஓர் ஊடிழை; அதை அடித்து இறுக்கியபின் மற்றோர் ஊடிழை. ஓரிழையில் கோலம் தெரிவதில்லை. ஆயிரம் இழைகள் சென்றபின் பூ விரிகின்றது. பன்பாய் இழைக்கும் பெண்களின் விரல்களும் இக்கணக்கையே அறியும். ஸ்டொப் மோஷன் கலைஞனுக்கு வேண்டிய பயிற்சியில் முக்காற்பங்கு இவ்வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. எஞ்சிய காற்பங்குக்குக் கைத்தொலைபேசி ஒன்றும் அசையாத தாங்கி ஒன்றும் போதும். பணமில்லை என்ற முறையீடு நாடகத்துக்குப் பொருந்தலாம், முழுநீளப் படத்துக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

பொருள் இல்லையென்று சொல்வார் உண்டாயின் அவர் கடற்கரைப் பக்கம் போகாதவராயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் சில நிமிடங்களில் இழந்தவற்றைச் சொல்ல எழுதப்பட்ட கவிதைகள் பல. ஆனால் கடல் மெல்ல மெல்லக் கொள்வதைச் சொல்லக் கவிதைக்கு மொழி போதவில்லை. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள் வடக்கு நோக்கிச் செல்லும் மணலை மறித்தன. துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது, தென்னைகள் சாய்கின்றன, தோணி இழுக்கும் இடம் குறுகுகின்றது. இன்று பார்த்தவர் நாளை பார்க்கையில் வேறுபாடு தெரியாது. அதனாலேயே அறிக்கைகள் எழுதவும் மறுக்கவும் இயலுகின்றது. நாளுக்கொரு படமாக ஓராண்டு பதிந்தால் திரையில் அது பதினைந்து விநாடி. பத்தாண்டு பதிந்தால் இரண்டரை நிமிடம். அவ்விரண்டரை நிமிடத்தின் முன் எந்த அறிக்கையும் வாய்திறக்க முடியாது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதே ஒலுவிலில்தான் இருந்து வருகின்றது. கரை கூப்பிடு தொலைவில் உள்ளது. படைப்பையும் காலத்தையும் பற்றிக் கருத்தரங்கு நடத்த மண்டபமும் உண்டு. மலர் வெளியிடப் பணமும் கிடைக்கின்றது. இதற்கு வேண்டுவதோ, கரையில் ஊன்ற ஒரு கம்பமும், நாடோறும் அஸருக்குப் பின் அவ்விடம் சென்று ஒரு படம் எடுத்துத் திரும்ப உடன்படும் சில மாணவரும், அவர்கள் பட்டம் பெற்றுச் சென்றபின் அவ்வேலையை ஏற்கும் அடுத்த ஆண்டு மாணவருமே.