மரமஞ்சளும் அதன் பெயர்களும்

சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு வெனிவெல் என்னும் பெயர் புதியதன்று. தடிமனோ காய்ச்சலோ கண்டால், கொத்தமல்லியுடன் இரண்டொரு வெனிவெல் துண்டுகளை இட்டு அவித்துப் பருகுவது இந்நாட்டில் இனபேதமின்றி நிலவும் வழக்கம். ஆயினும் அத்துண்டு எந்தச் செடியினுடையது என அறிந்தோர் சிலரே.

அது சிங்கராஜ வனம் போன்ற ஈரக்காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடி. பெயரின் ஈற்றிலுள்ள 'வெல்' என்ற சிங்களச் சொல்லும் கொடியையே குறிக்கும். நாமோ நிறத்தைக் கண்டு மரமஞ்சள் என்றோம். வெட்டிய தண்டின் மஞ்சளுக்குப் பெர்பெரின் என்னும் கசப்புப் பொருளே காரணம். கறிமஞ்சளுக்கும் இதற்கும் உறவு கிடையாது.

தாவர நூலார் இதனைக் கொசினியம் பெனஸ்திராத்தும் என்பர். முன்னது கிரேக்கத்தில் சல்லடையையும், பின்னது இலத்தீனில் சாளரமுடையதையும் குறிக்கும். விதையின் உள்ளே காணும் துளைகளே இப்பெயர்களுக்கு மூலம். 1788ஆம் ஆண்டில் கனிகளையும் விதைகளையும் ஆராய்ந்து நூல் வெளியிட்ட ஜெர்மானியர் கார்ட்னரே 'சாளரம்' என்ற பெயரைச் சூட்டியவர்.

வணிகர் இட்ட பெயரோ வேடிக்கையானது. ஆபிரிக்காவின் மொசாம்பிக்கில் விளையும் கலம்பா என்ற கசப்பு வேரை, அதன் பெயரால் மயங்கி, கொழும்புச் சரக்கென்றே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். மெய்யாகவே இலங்கையில் விளைந்த நமது கொடிக்கோ 'போலிக் கலம்பா' என்ற பெயரே கிட்டியது!

பெயர்கள் இத்தனை இருந்தும் கொடி அருகி வருகிறது. காடுகள் அழிந்தமை ஒரு காரணம். மருந்துக்காகத் தண்டையும் வேரையும் வெட்டுதல் மற்றொன்று. இக்கொடி மெல்ல வளர்வது. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. அயலில் ஆண்கொடி இல்லையேல் பெண்கொடி இருந்தும் விதையில்லை.

இதில் இன்னோர் இடரும் உண்டு. வடமொழியில் 'தாருஹரித்ரா' என்பதற்கும் மரமஞ்சள் என்றே பொருள்; ஆனால் வட இந்தியாவில் அப்பெயர் பெறுவது இமயமலையில் வளரும் ஒரு முட்புதர். ஒரு செடி அருகினால் அதன் பெயர் உடனே மறைவதில்லை. அதே நிறமுள்ள வேறொன்றின்மேல் ஏறிக்கொள்ளும். அப்போது கடையில் கேட்பது ஒன்றாகவும், பானையில் அவிவது வேறொன்றாகவும் ஆகிவிடும்.

ஆகவே, இல்லத்தரசிகளே, தேவைக்கு மிஞ்சி வாங்கிச் சேர்க்காதீர். காட்டோரத்தில் கொடியைக் கண்டால் வேரோடு பறிக்கவும் விடாதீர். கிழங்கு மஞ்சளைப் போல அடுத்த ஆண்டே விளைந்துவிடும் பொருளன்று இம்மரமஞ்சள்.