நிறம் அறிந்து உடுப்போம்; நிறம் சொல்லிப் பழியோம்

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மாலை, பாரிஸ் லாச்சப்பலிலுள்ள புடைவைக் கடையொன்றில் நாம் நின்றிருந்தோம். பூப்புனித நீராட்டு விழாவுக்குச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. விழாவுக்குரிய பிள்ளை குங்குமச் சிவப்புச் சேலையொன்றைத் தானாகவே எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். அவளது முகம் மலர்ந்ததை நாமும் கண்டோம். அவ்வேளை உடன் வந்திருந்த பெரியம்மா, "உன்ரை நிறத்துக்கு இது எடுபடாது பிள்ளை. வெளிறின கலரா எடு, கொஞ்சம் வெள்ளையாத் தெரிவாய்" என்றார். பிள்ளை மறுமொழி கூறவில்லை. சேலையை மடித்து வைத்தாள். இறுதியில் மங்கலான சந்தன நிறச் சேலையொன்றே வாங்கப்பட்டது.

அந்தப் பெரியம்மா கெட்டவரல்லர். தம் இளமையில் தமக்குச் சொல்லப்பட்டதையே அவர் திருப்பிச் சொன்னார். அன்பினாற்றான் சொன்னார் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அவர் சொன்னது அறிவுக்கும் பொருந்தாது. ஒரு பிள்ளையின் மனத்துக்கும் ஏற்றதன்று.

முதலில் அறிவின் பக்கத்தைப் பார்ப்போம். இதே பாரிஸ் மாநகரின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் கோபலான் என்னும் பழம்பெரும் திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824ஆம் ஆண்டில் அதன் சாயப் பகுதிக்குப் பொறுப்பேற்றவர் செவ்ரேல் என்னும் இரசாயன அறிஞர். நெசவுச்சாலையின் கறுப்புச் சாயம் வலுவற்றிருக்கின்றது என்று முறைப்பாடு எழுந்தபோது அவர் அதனை ஆராய்ந்தார். சாயத்திற் குறையில்லை என்றும், கறுப்பு நூலுக்கு அருகில் நெய்யப்பட்ட பிற நிறங்களே அதனை அவ்வாறு காட்டின என்றும் கண்டறிந்தார். இந்த ஆய்வை விரித்து 1839இல் அவர் வெளியிட்ட நூல் ஓவியர்க்கும் நெசவாளர்க்கும் நெடுங்காலம் வழிகாட்டிற்று. அருகருகே இருக்கும் இரு நிறங்களின் வேற்றுமையைக் கண் மிகைப்படுத்திக் காணும் என்பதே அவர் கண்ட விதியின் சாரம்.

இவ்விதியைச் சேலைக் கடைக்குக் கொண்டு வருவோம். வெளிறிய துணிக்கு அருகில் கருமை கூடிய தோல் மேலும் கருமையாகவே தோன்றும். ஆகவே, "வெளிறியது உடுத்தால் வெள்ளையாகத் தெரிவாய்" என்ற அறிவுரை தான் வேண்டிய பயனையே தருவதில்லை. வெளிறிய நிறங்களைக் கறுத்தவர்கள் உடுத்தலாகாது என்று நாம் கூறவில்லை. தூய வெண்மை கருமேனியில் எடுப்பாக விளங்குவதைப் பார்த்திருக்கின்றோம். ஆனால் தோலின் நிறத்தை அண்டிய மங்கலான சந்தனமும் மண்ணிறமும் பலரின் முகத்தைச் சோர்வாகக் காட்டிவிடும். குங்குமச் சிவப்பு, மயில் நீலம், கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் போன்ற செறிந்த நிறங்களோ மாநிறத்தவரிலும் கறுத்தவரிலும் பெரும்பாலும் ஒளி பெற்று நிற்கும்.

1980இல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் என்பவர் எழுதிய நூலொன்று, மனிதரை இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுப்புக்கும் உரிய நிறங்களைப் பட்டியலிட்டது. இன்றும் நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இதனைப் பார்த்துத் தாம் எந்தப் பருவம் என்று தேடுகின்றனர். இம்முறையிற் பயனுண்டு, ஆயினும் இது விஞ்ஞான விதியன்று. வெண்தோலில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டமையால், கருங்கூந்தலும் கருவிழியும் உடைய நம்மவருட் பெரும்பாலாரை அது குளிர்காலம் என்ற ஒரே கூடைக்குள் இட்டுவிடுகின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருத்தி மஞ்சள் சாயல் கொண்ட மாநிறமாகவும் மற்றவள் நீலம் பாய்ந்த கருமையாகவும் இருப்பதை நம் வீடுகளிற் காண்கின்றோம்.

பட்டியல்களிலும் பார்க்கத் தம் கண்ணை நம்புவதே நன்று. அதற்கு எளிய வழியொன்று உண்டு. பகல் வேளையில் யன்னலருகே, முகப்பூச்சு எதுவுமின்றி, கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு துணியைத் தாடையின் கீழ்ப் பிடித்துப் பாருங்கள். பின்னர் வேறொரு நிறத்துணியைப் பிடியுங்கள். துணியைப் பாராது முகத்தைப் பாருங்கள். ஒரு துணியில் கண்ணின் கீழுள்ள நிழல் ஆழ்ந்து, முகம் சாம்பல் பூத்தது போலாகும். மற்றொன்றில் கண்கள் தெளிந்து, தோல் ஒரு சீராகத் தெரியும். இரண்டாவதே உங்களுக்குரிய நிறம். கடையின் மின்னொளி நிறத்தை மாற்றிக் காட்டுமாதலால், இயலுமானால் துணியை வாசல்வரை கொண்டுவந்து பகலொளியில் பாருங்கள். முகத்தை மிகுதியும் பாதிப்பது கழுத்தை அடுத்திருக்கும் நிறமேயாம். ஆகவே, விரும்பிய சேலையின் நிறம் முகத்துக்கு ஒவ்வாவிடின், ரவிக்கையையும் கரையையும் ஒத்த நிறத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கும் சட்டைக் கழுத்தும் சால்வையும் இவ்வாறே பயன்படும்.

இனி மனத்தின் பக்கத்துக்கு வருவோம். "முகத்துக்கு எது ஒளி தரும்?" என்று கேட்பது ஒன்று, "எது வெள்ளையாகக் காட்டும்?" என்று கேட்பது வேறொன்று. இரண்டாவது கேள்வி சேலைக் கடையோடு நிற்பதில்லை. அது வெண்மையாக்கும் களிம்புகள் வரை இட்டுச் செல்கின்றது. அக்களிம்புகள் சிலவற்றில் இரசமும் ஐதரோகுயினோனும் கலக்கப்படுகின்றன. இரசம் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. ஐதரோகுயினோன் கலந்த தோற்களிம்புகளை ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டிலேயே அழகுசாதனப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அவ்வாறிருந்தும் நம்மவர் வீடுகளில் இத்தகைய குப்பிகள் இல்லையென்று எவராற் கூறமுடியும்?

பிறரைக் குறைகூறுமுன் எம் குறையையும் சொல்லியாக வேண்டும். ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில், பாடசாலை நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தோம். வசனத்தை மிக நன்றாகப் பேசியவள் கறுத்த பிள்ளை. அவளுக்குத் தோழி வேடத்தைக் கொடுத்துவிட்டு, வெள்ளைப் பிள்ளைக்கு அரசி வேடம் கொடுத்தோம். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கடையில் இந்தப் பிள்ளை சேலையை மடித்து வைத்தபோது அவளே எம் நினைவுக்கு வந்தாள்.

இந்நாட்டுக்கு வந்த புதிதில், தொண்டு நிறுவனங்கள் தந்த சாம்பல் மேலங்கியையும் கறுப்புக் காற்சட்டையையும் அணிந்தோம். அளவும் நிறமும் தெரிந்தெடுக்கும் நிலையில் அன்று நாம் இருக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் கடைக்குச் சென்று தமக்குப் பிடித்த நிறத்தைத் தாமே எடுக்கும் நிலைக்கு வந்துள்ளனர். இது பெற்றோர் இரவு பகலாக உழைத்துத் தேடிக்கொடுத்த உரிமை. அதனை நம் நாவினாலேயே பறித்துவிடலாகாது.

விழாவுக்கும் திருமணத்துக்கும் சேலை எடுக்கச் செல்லும் பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பிள்ளை விரும்பிய சேலையை முதலில் அவளது தோளில் போட்டு, வாசலருகே அழைத்துச் சென்று, பகலொளியில் அவளது முகத்தைப் பாருங்கள். முகம் மலர்ந்திருந்தால் அந்தச் சேலையையே வாங்கிக் கொடுங்கள்.