அத்திப்பள்ளி தாண்டினா செல்லாத கூட்டணி!

2022 மார்ச் 21. மேகதாட்டுவில் அணை கூடாதுன்னு தமிழக சட்டசபையில் ஏகமனதாகத் தீர்மானம். காங்கிரஸ் ஆமாம், பாஜகவும் ஆமாம். மூணே நாள். மார்ச் 24, இங்கே விதான சௌதாவில் மேகதாட்டுக்கு மத்திய அரசு அனுமதி தரணும்னு தீர்மானம். அதுவும் ஏகமனதாக! இங்கேயும் காங்கிரஸ் ஆமாம், பாஜகவும் ஆமாம்.

ஒரே கட்சி, ஒரே சின்னம், ஊருக்கு ஒரு நாக்கு.

அடுத்த வருஷம் ஜூலை 17, 18. இதே பெங்களூரில் 26 எதிர்க்கட்சிகள் கூடி, கூட்டணிக்கு 'இந்தியா'ன்னு பேர் வச்சாங்க. ஸ்டாலின் வந்தார், சித்தராமையா வரவேற்றார், போட்டோ பிரமாதம். செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடக பந்த். காரணம் காவிரி. அந்த ரெண்டு நாள் கூட்டத்தில் இதைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

பேங்க்காரனா ஒண்ணு சொல்றேன். நாலு பேங்க் சேர்ந்து ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்தா அது கன்சார்ட்டியம். கம்பெனி படுத்துட்டா சொத்தில் யாருக்கு எவ்வளவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ரூபாய் வெளியே போகும். நல்லா ஓடற கம்பெனிக்கு அந்தப் பத்திரத்தை யாரும் புரட்டக்கூட மாட்டாங்க. காவிரியும் அப்படித்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சின்னு சொல்லிடுச்சு. மழை கொட்டினா தண்ணி தானா வந்துடும். பொய்க்கிற வருஷம்தான் சண்டை. தொகுதிப் பங்கீட்டுக்கு விடிய விடியப் பேசறவங்களுக்கு இதுக்கு நேரமில்லை.

எழுதாத பத்திரத்துக்கு வட்டி கட்டறது நாமதான். 2016 செப்டம்பர் 12 மத்தியானம், டிஎன் நம்பர் பிளேட் ஸ்கூட்டரை ஆபீஸிலேயே விட்டுட்டு, ஸ்கூலில் இருந்து பையனைக் கூட்டிக்கிட்டு நடந்தே வந்தேன். வழியில் தமிழ் பேசாதேன்னு சொன்னேன். (நான் குடிக்கிறதும் காவிரி, ஊரில் அண்ணன் வயலுக்குப் பாயறதும் காவிரி. யாருக்காகக் கோஷம் போடறது?) சாயங்காலம் டிவியில் வரிசையா பஸ்கள் எரியுது. "அப்பா, இப்போ பேசலாமா?"ன்னு மெதுவா கேட்டான்.

முடியாததுன்னு சொல்லாதீங்க. அல்சூரில் 1991-லிருந்து 18 வருஷம் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9-இல் திறந்தாங்க. எடியூரப்பா பாஜக, கருணாநிதி திமுக, எதிரெதிர் முகாம். நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை. எதிரிங்க ரெண்டு பேர் நாள் குறிச்சு முடிச்சதை, கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டவங்க ஏன் தொடவே இல்லை?

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு நம்ம அபார்ட்மென்ட்டுக்கு வரும்போது இதைத்தான் கேக்கப்போறேன். கன்னடத்திலேயே கேப்பேன்.