மீன்காரம்மா மூச்சுவிட வேண்டாமா?

சென்னை நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் காலையில் கூடையை இறக்கிவைத்தால், சரக்கு தீரும்வரை இடத்தைவிட்டு அசைய முடியாது. பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால், மீன் வாங்க வந்தவர் நாலடி தள்ளி அடுத்த கடைக்குப் போய்விடலாம். மீன்காரம்மாவுக்கு அந்த வழி இல்லை. பொது இடப் புகைத்தடை யாருக்குத் தேவை என்ற விவாதத்தை இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தடை புதிதல்ல. 1999இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தின. 2003இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய்வரை அபராதம்.

குழப்பம் திறந்தவெளியில்தான். அதைப் பொது இடமாகக் கருதக் கூடாது என்கிறது சட்டம். 2008 விதிகளோ விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்ற மக்கள் கூடும் இடங்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்கின்றன. கடற்கரை மணலின் பெயர் இரண்டிலும் இல்லை. ஆனால் பணியிடமும் பொது இடமே என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நொச்சிக்குப்பம் லூப் சாலையில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நவீன மீன் அங்காடி நூற்றுக்கணக்கானோரின் பணியிடம். அங்கே புகையைத் தடுக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

காற்று வீசும் கரையில் ஒரு பீடியால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டவெளியில் புகை சீக்கிரம் கலைவது உண்மைதான். கையெட்டும் தூரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறுதல் ஆகாது. பிறர் விடும் புகையால் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிங்கப்பூர் 2022 ஜூலையிலும் பிரான்ஸ் 2025 ஜூன் இறுதியிலும் கடற்கரைகளுக்கே தடையை நீட்டித்துவிட்டன.

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. 2023 ஏப்ரலில் போக்குவரத்து நெரிசல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதைத் தொடர்ந்து, இதே சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டன. குப்பத்து மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அந்த நினைவு ஆறாதவர்களிடம் அபராதப் புத்தகத்தோடு போலீஸ்காரர் வந்து நின்றால், இதுவும் தங்களை விரட்டும் வேலைதான் என்று நினைப்பார்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து வெறும் வலையோடு திரும்பியவருக்கு 200 ரூபாய் பெரிய தொகை.

ஆகவே நடவடிக்கை மேலிருந்து தொடங்கட்டும். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் தடைப் பலகை வைப்பதும், சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதும் இடத்தின் பொறுப்பாளர் கடமை. புகார் வந்தும் சும்மா இருந்தால் அவருக்கே அபராதம். அங்காடிக்கு மாநகராட்சி பொறுப்பு. டீக்கடையில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டருக்குக் கடைக்காரர் பொறுப்பு. ஊர் பஞ்சாயத்தைக் கூட்டிப் பேசி முடிவெடுத்தால், போலீஸ் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் தடை மட்டும் போதாது. அங்காடியில் அடக்கிக்கொண்டவர் வீட்டில் போய்ப் பற்றவைத்தால், சின்ன வீட்டுக்குள் குழந்தை அதைச் சுவாசிக்கும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகிறார்கள். வீட்டுக்குள் சட்டம் நுழையாது. பழக்கத்தை விட உதவி செய்வதுதான் ஒரே வழி. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதலே புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு இயங்குகிறது. குப்பத்திலிருந்து அது சில கிலோமீட்டர்தான். அத்தகைய ஆலோசனை முகாமை மாதம் ஒருமுறை அங்காடிக்கே கொண்டுவர மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, புகைப்பதை நிறுத்த நினைப்பவர்கள் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணை அழைக்கலாம்; கட்டணம் இல்லை.